இடுப்பில் எழுந்த சிங்கம்

என் மகனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, என்னை உட்காரவைத்து, பேனா மூடியால் என் முன்கையில் தன் பெயரை எழுதுவான். ஐந்து நிமிஷம் பொறுத்தால் பெயர் தடித்து எழுந்து நிற்கும். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். பெற்ற தாயைச் சிலேட்டாக்கி வைத்திருக்கிறானே என்று என் வீட்டுக்காரருக்குக் கோபம். எனக்கு அதெல்லாம் இல்லை. இந்தத் தோலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு முன்னால் இது எந்த மூலைக்கு. ஆனால் சிங்கத்தைப் பற்றி மட்டும் அவனிடம் இதுவரை மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே வரைய உட்கார்ந்துவிடுவான்.

சிங்கம் எழுந்தது எனக்கு ஒன்பது வயதில். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுற்றிலும் முந்திரிக்காடு. அப்பா துபாயில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மே மாதம் நாற்பத்தைந்து நாள் லீவில் வருகிறார் என்று போன் வந்ததும் வீடே தலைகால் புரியாமல் ஆடியது. அம்மாவின் தம்பி வேன் ஓட்டுகிறவர். அவருடைய வேனிலேயே திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. நானும் வரலாம் என்று அம்மா வாயால் சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இருபது நாள் வாழ்ந்தேன். என்னோடு படித்த ஒருத்தியின் அப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அவள் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும், அப்பா பெட்டிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார், நாம் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும், அவர் வண்டியை விட்டுவிட்டு நம்மைத் தூக்குவார் என்று அவள் எனக்கு வரிசையாகச் சொல்லியிருந்தாள். இதில் ஒன்று குறைந்தாலும் அப்பா வந்ததாக ஆகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்கென்றே ஒரு கவுன் எடுத்திருந்தார்கள். புதுக்கோட்டை கீழராஜவீதியில் எடுத்தது. ரோஸ் நிறம், அடுக்கடுக்காக வலைத்துணி, இடுப்பில் அகலமான எலாஸ்டிக், வயிற்றுக்கு நேரே மட்டும் எலாஸ்டிக் இல்லாமல் ஒரு துணி ரோஜா. அப்பா வருகிற அன்றுதான் போட வேண்டும், அதுவரைக்கும் கைவைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லி அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை என் கண் முன்னாலேயே காலண்டருக்குப் பின்னால் மாட்டினாள். அம்மா ரொம்ப நல்லவள்.

அது முந்திரிக்கொட்டை பொறுக்குகிற நேரம். அம்மாவும் அத்தையும் காலையில் தோப்புக்குப் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார்கள். முழுப்பரீட்சை லீவில் நான் மட்டும் வீட்டில். சாப்பிட்டதும் கதவைத் தாழ் போட்டுவிட்டுக் கவுனை எடுத்து மாட்டிக்கொள்வேன். அடுப்படிக் கதவுதான் ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவு. தலையணைகள் பெட்டிகள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி ஓடி, அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டேன். கவுன் எனக்கு ஒரு பிடி இறுக்கம். மே மாத வெயிலும் வேர்வையும் வேறு. நாலு மணிக்கு முன்னால் கழற்றி, மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்துவிடுவேன்.

ஒரு வாரம் இப்படிப் போயிருக்கும். ஒரு சாயங்காலம் என்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை சட்டென்று நின்றது. என் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி சிவப்பாகத் தடித்திருந்தது. எனக்கு அரித்தது உண்மைதான். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் ஏன் எப்படி என்று கேட்பார்களே. அம்மா துண்டைச் சுற்றி என்னை அப்படியே அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பக்கத்து வீடு. எங்கள் தெருவின் வைத்தியம், வழக்கு, மழை வருமா வராதா என்பது எல்லாம் அத்தை கையில்தான். அவள் என் இடுப்பை ஒரு பார்வை பார்த்து, காணாக்கடி என்றாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்து, அதன் விஷம் தோலில் ஏறியிருக்கிறதாம். அதற்குக் கம்பளியை வைத்துத் தேய்க்க வேண்டும். பரணிலிருந்து ஒரு பழைய கம்பளியை இறக்கி, என்னைக் கவிழ்த்துப் போட்டு, முதுகு இடுப்பு எல்லாம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, இடுப்பில் மட்டும் இருந்தது முதுகு முழுக்கப் பரவியது.

"அரிக்குது அத்தை" என்றேன்.

"வெசம் வெளிய வருது. வரட்டும்" என்று அத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பிறகு வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்தாள். கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது என்றாள். காலையில் பார்த்தால் ஒரு தடிப்பும் இல்லை. அத்தை அதைத் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். மத்தியானம் நான் கவுனைப் போட்டேன். சாயங்காலம் கயிறு திரும்ப வந்தது.

நாலாம் நாள் அத்தை என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாக என்றால் எனக்கு இரண்டடி தள்ளி.

"இது காணாக்கடி இல்லத்தா. அக்கி. பாத்தியா, இடுப்பச் சுத்தி வருது. பாம்பு மாதிரி இதுக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. ரெண்டும் ஒண்ணு சேந்துச்சுன்னா உசிருக்கு ஆவாது."

பிறகு தொப்புளுக்குப் பக்கத்தில் தடிப்பு இல்லாத இடத்தில் விரல்களை வைத்து அளந்தாள். நாலு விரற்கடை. துணி ரோஜா இருந்த இடம் அது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு ஒன்பது வயதானாலும் மூளை இருந்தது. அந்த வளையம் கவுனின் எலாஸ்டிக் வேலை என்று எனக்கு அப்போதே பாதி தெரிந்துபோயிற்று. அன்றோடு கவுனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். இதோடு தீர்ந்தது என்று நிம்மதியாகவும் இருந்தேன். ஆனால் அத்தையின் வைத்தியம் தீரவில்லையே. அக்கி பரவக் கூடாதென்று தினமும் சாயங்காலம் என் இடுப்பைச் சுற்றிக் கம்பளியால் அணை கட்டுகிற மாதிரி தேய்த்தாள். பிறகு வேப்பங்கொத்தால் தடவினாள். அத்தை தேய்த்துவிட்டுப் போன பத்தாம் நிமிஷம் வளையம் எழுந்து நின்றது. அரிப்பில் நான் சொறிந்தேன். சொறிந்த இடமெல்லாம் கூடவே தடித்தது. நாலு விரற்கடை மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. வெள்ளிக்கிழமை அப்பா போன் செய்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா விளையாடப் போயிருக்கிறாள் என்று என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள்.

அப்பா வர மூன்று நாள் இருக்கும்போது தலையும் வாலும் சேர்ந்துவிட்டன.

அத்தை விரலை வைத்துப் பார்த்தாள், வைக்க இடமில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நாளைக்கே அக்கி எழுதிவிட வேண்டும் என்று அத்தை சொன்னாள். அக்கி எழுதுவதென்றால், மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டில் காவியைக் குழைத்து உடம்பில் எழுதுவார்கள். எழுதி முடித்தால் மூன்று நாள் பத்தியம். உப்புக் கிடையாது, குளிக்கக் கூடாது, வெயிலும் காற்றும் படாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும்.

நான் விரல்விட்டு எண்ணினேன். அப்பா வருகிற நாள் அந்த மூன்றுக்குள்ளேயே விழுந்தது.

"அப்ப ஏர்போர்ட்டு?" என்றேன்.

"உசிரு பெருசா ஏரோப்பிளேன் பெருசா?" என்றாள் அத்தை.

எனக்கு அந்த நேரத்தில் ஏரோப்பிளேன்தான் பெரிசு. உண்மையைச் சொன்னால் கவுன் போய்விடும், முதுகுத் தோலும் போய்விடும். சொல்லாவிட்டால் அப்பா கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வரும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஆள் இருக்காது. அன்று சாயங்காலம் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள். இவ்வளவு அழுத பிறகு, அது கவுனால் வந்தது என்று எப்படிச் சொல்வது.

பக்கத்து ஊர் வேளார் அண்ணன் பகலெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் ஆட்டோ எடுப்பதற்கு முன்னால், வெறும் வயிற்றில் அக்கி எழுதுவார். நாங்கள் போனபோது காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் காவியை இழைத்துக்கொண்டிருந்தார். என்னை நிற்கவைத்துப் பார்த்தார். இடுப்பு வழவழவென்று இருந்தது.

"ஒண்ணையும் காணமே" என்றார்.

"ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு தம்பி. சாயந்தரமானா வரும்" என்றாள் அத்தை.

அவர் அத்தையை மறுத்துப் பேசவில்லை. யாரும் பேசியதில்லை. தென்னை ஈர்க்கைக் காவியில் தொட்டு என் இடுப்பைச் சுற்றி வளைவு வளைவாகக் கோடு போட்டார். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது, அத்தை முறைத்தாள். கடைசியில் வயிற்றில் ஒரு சிங்கம் வரைந்தார். அக்கியைத் தின்கிற சிங்கமாம். அவருக்கு எழுத்து வந்த அளவுக்குப் படம் வரவில்லை. பார்க்க எங்கள் தெருப் பூனை மாதிரி இருந்தது, மீசை மட்டும் தாராளம்.

அவர் கைகழுவிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். பாதி டீயில் அம்மா அவரைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

காவிக்குக் கீழே சிங்கம் எழுந்துகொண்டிருந்தது. முதலில் முதுகு, பிறகு வால், பிறகு நாலு கால். ஒவ்வொரு மீசையும் தனித்தனியாகத் தடித்து நின்றது. இடுப்பைச் சுற்றிப் போட்ட வளைவுகளும் ஒன்றுவிடாமல் எழுந்து நின்றன. நான் மூச்சை இழுத்துவிட்டால் சிங்கமும் மூச்சை இழுத்துவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வயிற்றை எக்கி எக்கி அதை நடக்கவிட்டேன்.

அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிவிட்டாள். வேளார் அண்ணன் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கேன். எழுதுனது எந்திரிச்சு நின்னதில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல. அரிக்குது."

"அக்கா, அக்கின்னா எரியும், வலி உசுரு போகும், கொப்பளம் போடும். இது அது இல்ல. எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சுட்டேன். இதுக்கு டாக்டரப் பாருங்க. ஏறுங்க, நானே கொண்டுபோயி விடுறேன்" என்று சட்டையை எடுத்து மாட்டினார். அந்த மனுஷனுக்கு இன்றைக்கும் நான் மனசுக்குள் கும்பிடு போடுவதுண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் பெரிய ஆள் அவர்தான்.

ஷேர் ஆட்டோ என்பதால் வழியில் ஆட்கள் ஏறினார்கள். ஏறியவர்களிடமெல்லாம் அத்தை கதையைச் சொன்னாள். கேட்டவர்களெல்லாம் சிங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நான் சட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். கீரைக்கட்டோடு ஏறிய ஓர் அம்மா இறங்கும்போது என் தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஆனால் நேரமாக ஆகச் சிங்கம் தணிந்துகொண்டே வந்தது. வால் போயிற்று. ஒரு பக்கத்து மீசை போயிற்று.

"வெரசாப் போ தம்பி, சிங்கம் மங்குது" என்று அத்தை அவரை விரட்டினாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது வெறும் காவிதான் மிச்சம். டாக்டரம்மா சின்ன வயது. அத்தை நடந்ததையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையை மேஜைமேல் வைத்து, பேனா மூடியால் ஒரு கோடு கிழித்தார். அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்களை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். ஒரு காய்ச்சல்காரருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி, "இப்பப் பாருங்க" என்றார். கோடு எழுந்து நின்றது.

"சாமியும் இல்ல, பாம்பும் இல்லம்மா. இவ தோலு அப்படி. கீறினா, அழுத்தினா, தேய்ச்சா, அந்த இடத்துல தடிச்சிரும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். யாருக்கும் ஒட்டாது."

"தேச்சாலுமா?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாடு படத்தைப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். சொறியக் கூடாது, நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அரித்தால் ஈரத்துணியை வைத்து ஒற்ற வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம். பருத்தித் துணி, தொளதொளவென்று. ராத்திரி படுக்கப்போகும் முன்னால் அரை மாத்திரை, தூக்கம் வரும். உதடோ கண்ணோ வீங்கினாலும் மூச்சு வாங்கினாலும் மட்டும் உடனே ஓடி வந்துவிட வேண்டும், மற்றபடி பயமில்லை. வாய்ப்பாடு மாதிரி எனக்கு அன்றைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பிறகு என்னிடம் திரும்பினார். "இடுப்புல மட்டும் சுத்தி வந்திருக்கே. இறுக்கமா என்ன பாப்பா போடுற?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை. அம்மாவைப் பார்த்தேன். பத்து நாளில் கண் உள்ளே போய், பாதியாகிவிட்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கவுன் என்றேன். காலண்டர் என்றேன். அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்தது வரைக்கும் சொன்னேன். நான் சாகமாட்டேன், என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு நிறுத்த முடியாமல். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். வெளியே காத்திருந்த வேளார் அண்ணன் எட்டிப் பார்த்து, என்னவென்று தெரியாமலே சிரித்தார். அத்தை மட்டும் ஆட்டோவில் வாயைத் திறக்கவில்லை. ஊர் நெருங்கும்போது, எனக்கு அப்பவே சந்தேகம்தான் என்றாள்.

அன்று சாயங்காலம் அத்தையே கவுனை வாங்கி, எலாஸ்டிக்கை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே பருத்தித் துணி கொடுத்து, தொளதொளவென்று நாடா வைத்துத் தைத்துத் தந்தாள். என்னைக் கம்பளியால் தேய்த்த கைதான் அது.

அப்பா வருகிற நாளும் வந்தது. பகல் பதினொரு மணிக்கு விமானம். ஏழு மணிக்கு மாமா வேனோடு வந்துவிட்டார். கவுன் போட்டாயிற்று, பூ வைத்தாயிற்று. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்பா தூக்கும்போது இடுப்பில் அழுத்துவாரே, தடித்துவிட்டால்? யாரையும் கேட்காமல், ராத்திரிக்கு உள்ள அரை மாத்திரையை எடுத்து இட்லியோடு விழுங்கிவிட்டேன்.

புதுக்கோட்டை தாண்டியது நினைவிருக்கிறது. கீரனூர் போர்டு பார்த்த மாதிரி இருக்கிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

கண் விழித்தபோது வேன் ஓடிக்கொண்டிருந்தது. என் கன்னத்துக்குக் கீழே முழுக்கைச் சட்டை போட்ட ஒரு கை. புதுச் சென்ட் வாசனை. நிமிர்ந்தால், போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பாக, மீசை பெருத்து, அப்பா. ஜன்னலுக்கு வெளியே கீரனூர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. ஏர்போர்ட் முடிந்துவிட்டது.

எவ்வளவோ எழுப்பினார்களாம். அப்பா வேனுக்கே வந்து கூப்பிட்டாராம். நான் ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து, "வாங்க, உக்காருங்க" என்று விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டேனாம். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாத்திரை விஷயம் தெரிந்து அம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். நான் ஓவென்று அழுதேன். கண்ணாடிக் கதவு போயிற்று, ஓடிப்போனது போயிற்று. அப்பா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நான்தான் ஓடியாந்து தூக்குனேன் தாயி, நீதான் பாக்கல" என்றார். கண்ணாடிக் கதவை அதோடு மன்னித்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே அவர் ஒரு கையால் மற்றக் கையைச் சட்டைக்கு மேலேயே சொறிந்துகொண்டிருந்தார்.

"சொறியக் கூடாதுப்பா" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவர் கையை எடுத்துவிட்டார். நான் விடவில்லை. டாக்டரம்மா செய்த மாதிரியே கையை மடிமேல் வைத்து, சட்டைக் கையை மேலே சுருட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் கறுத்து, தடித்து, வெடித்திருந்தது. இன்னொரு கையும் அப்படியே.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன். டாக்டரம்மா அப்படித்தான் கேட்டிருந்தார்.

"அங்கிட்டுப் போன மூணாம் மாசத்துலேருந்து. சிமெண்டுத் தண்ணி பட்டுப் பட்டு... ஒண்ணுமில்ல தாயி" என்று சட்டையை இறக்கப் பார்த்தார்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல ஒரு வார்த்தை சொல்லல" என்றாள்.

"நீ இங்கிட்டு இருந்துக்கிட்டு என்ன செய்வ" என்றார் அப்பா.

அம்மா பிடித்த கையை விடவில்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு ஆளுக்கும் அரிக்கிறது. அதுவும் அப்பாவுக்கு. பயப்படாதீங்கப்பா, யாருக்கும் ஒட்டாது என்று ஆரம்பித்து நகம், ஈரத்துணி, பருத்தி, சுடுதண்ணீர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார்.

மறுநாள் நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூட அம்மாவும் வந்தாள், ஆனால் கூட்டிப்போனது நான்தான். பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கப்பாவுக்கும் எனக்கு மாதிரியே என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா அது வேறு, இது வேறு என்று சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. களிம்பு கொடுத்தார். சிமெண்ட்டைத் தொடாமல் இருந்தால் ஆறிவிடும், திரும்பத் தொட்டால் திரும்ப வரும் என்றார். எனக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. அப்பா கையுறை, பூட்ஸ் என்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நாற்பத்தைந்து நாளைப் போல ஒரு லீவு எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. சாயங்காலமானால் வாசலில் பாய் விரித்து அப்பா உட்காருவார். ஒரு கைக்கு அம்மா களிம்பு தடவுவாள், இன்னொரு கை என் பொறுப்பு. நகம் வெட்டுவதும் நான்தான். அரிக்கிறது என்றால் ஈரத்துணி. பதிலுக்கு அப்பா என் முதுகில் விரல் நகத்தால் மாம்பழம், மயில், ஏரோப்பிளேன் என்று வரைந்துவிட்டு, எழுந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அம்மா திட்டிக்கொண்டே வந்து பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் வெடிப்பு மூடியது. கறுப்பு உரிந்து புதுத்தோல் வந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அவர் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஒருநாள் பார்த்தால் இரண்டு கையும் சுத்தமாக ஆறியிருந்தன. தடவிப் பார்த்தேன், எங்கேயும் சொரசொரப்பு இல்லை. அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், தெரு முழுக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது கூடத்தில் அப்பாவின் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா அதற்குள் அவருடைய முழுக்கைச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் களிம்பு டியூபுகள், ஏழெட்டு இருக்கும். நான் அப்பாவை இழுத்து வந்து, அவருடைய கையைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கை ஆறிவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, நான் கைதட்டிக்கொண்டு இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி ஓடினேன்.